காலிக் கட்டம்

நூற்று நாலு தோல்வி.
நவம்பர் மழை விட்டபாடில்லை.
பிட்ச்சர் மேட்டின்மேல் தார்ப்பாய்,
அதன் குழிவில் தேங்கிய நீரில்
ஏரிப் பக்கமிருந்து வந்த இரண்டு கடற்காகங்கள்
பத்திரம் பதிந்து வாங்கிய இடம்போல் நின்றன.

வெண்டல் ஸ்ட்ரூப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.
அறுபத்தாறு வயது. நான்கு நகரங்கள்.
நான்கிலும் வாசலில் கேமராக்கள்,
நான்கிலும் பின்வழியே வெளியேற்றம்.
கைகுலுக்கியபோது அவருடைய சுண்டுவிரல்
என் கைக்குள் மடங்கவில்லை.
கேட்சராக இருந்த காலத்தில் உடைந்து
தன் போக்கில் ஒட்டிக்கொண்டது அது.
இன்னமும் வேறெங்கோ சுட்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டுக் கேள்விகளை அச்சடித்து வைத்திருந்தேன்.
இரண்டாவதிலேயே குறுக்கிட்டார்:
"நூற்று நாலில், ஒரே ரன்னில் தோற்றது எத்தனை?"
"முப்பத்தொன்று."
"அவற்றுக்கு மேனேஜரைத் திட்டலாம்.
மிச்சம் எழுபத்து மூன்று
உங்களுடையது, மிஸ் லிண்ட்க்விஸ்ட்."

அவர் சிரிக்கவில்லை. நானும்.

திட்டத்தைத் திரையில் காட்டினேன்.
விலைபோகிறவர்களை எல்லாம் விற்றாயிற்று.
பதிலுக்கு வந்தவர்கள் இன்னும் சரியாக மீசை முளைக்காதவர்கள்.
ஷார்ட்ஸ்டாப் யோயெல்வினுக்கு
பந்து எங்கே எழும்பும் என்று
பந்துக்குத் தெரியும் முன்பே தெரிகிறது;
எடுத்து எறிந்தால் மட்டும்
பார்வையாளர் மூன்றாம் வரிசைக்குப் போகிறது.
முதல் ஆண்டு தோற்போம்.
இரண்டாம் ஆண்டு கொஞ்சம் கௌரவமாகத் தோற்போம்.
மூன்றாம் ஆண்டு

அங்கே ஒரு பச்சை அம்பு போட்டிருந்தேன்.
அவர் அம்பைப் பார்க்கவில்லை.
அதற்கும் கீழே, 'மேனேஜர்' என்ற வரியில்,
இரண்டு ஆண்டுக்குச் சம்பளம் இருந்தது.
மூன்றாவது கட்டம் காலி.
மறைத்திருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.

"சாரம் கட்டக் கூப்பிட்டிருக்கிறீர்கள்," என்றார்.
"பூச்சு காய்ந்ததும் அவிழ்ப்பீர்கள்.
குடிபுகும் நாளில் சாரத்தை யார் தேடுவார்கள்?"

இல்லை என்றேன்.
முதல் 'இல்லை' சற்று வேகமாக வந்தது.
இரண்டாவது வரவே இல்லை.

பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அது ஏஜென்ட் பாடு.
"போகச் சொல்லும்போது காலையில் சொல்லுங்கள். நேரில்.
ஓர் ஊரில் விமான நிலையத்தில் சொன்னார்கள்,
பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்குப் பக்கத்தில்.
என் பை மூன்று முறை என்னைக் கடந்து போயிற்று.
எடுக்கத் தோன்றவில்லை."

கொஞ்சம் காபி குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"அப்புறம் அந்தப் பையன்.
அவன் கையைத் திருத்த
கேமராவோடு யாரையும் அனுப்பாதீர்கள், ஜூன் வரைக்கும்.
மூன்றாம் வரிசைக்கே எறியட்டும்.
தோற்றதை என் பெயரில் எழுதுங்கள்.
வேறு எதற்கு எனக்குச் சம்பளம்?"

எங்கள் ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு.
கூடைப்பந்துப் பயிற்சியாளர் கோட்டு சூட்டில் வரலாம்;
பேஸ்பால் மேனேஜர் மட்டும்
தொப்பை சரிந்தாலும், முழங்கால் செயற்கையானாலும்
ஆட்டக்காரன் உடுப்பில்தான் வரவேண்டும்,
எந்த நேரமும் உள்ளே அழைக்கப்படலாம் என்பதுபோல.
உடுப்பறையிலிருந்து மார்செலினோ போனில் கேட்டான்:
இடுப்பளவு? முதுகில் என்ன எண்?
"நாற்பத்து நாலு அங்குலம்.
எண் எதுவானாலும் சரி, தம்பி,
பின்னால் யாரும் கேட்காததாய்ப் பார்த்துக் கொடு."

கதவு வரை போனவர் திரும்பினார்.
ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று
எழுந்தே நின்றுவிட்டேன்.
கார் நிறுத்திய சீட்டை நீட்டினார்.
முத்திரை குத்தினால் ஆறு டாலர் மிச்சமாம்.

குத்திக் கொடுத்தேன்.
கீழே அவருடைய கார்
தப்பான வழியில் நுழைந்து, பின்வாங்கி,
சரியான வழியைக் கண்டுபிடித்தது.

காலிக் கட்டத்தில் ஒரு தொகையைத் தட்டினேன்.
உரிமையாளர் ஐந்து மணிக்கு அழைப்பார்.
இப்போது நாலேகால்.