இரண்டாம் தரம்

கிறிஸ்டியான்பேட்டை தாண்டியதும்
பெயர்ப்பலகைகளில் மூலைகள் முடிந்துவிடுகின்றன.
ட, ப, ம எல்லாம் இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் எழுத்து உருண்டு ஓடுகிறது,
லாரியிலிருந்து கொட்டிய பழம் போல.

அங்கே ஒரு மாங்கூழ் ஆலையில்
கேமராவுக்குப் பழம் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது
ஆனி மாதத்தில் என் பிழைப்பு.

முதல் அடுக்குக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும்:
இங்கே வெளிச்சம், இங்கே இருட்டு, நடுவில் ஒரு கோடு.
அடுத்த அடுக்கு, கோடு வளைவதைப் பார்க்கும்.
அதற்கு மேலே என்ன நடக்கிறதென்று
எனக்கே பாதிதான் தெரியும்.
கடைசியில் ஒரு பெயர் விழும்:
கிளிமூக்கு. நீலம். அழுகல்.

மூக்கைப் பார்த்துத்தான் சொல்கிறது என்று நம்பியிருந்தேன்,
சிக்கிய காம்பை எடுக்க
முனிலட்சுமி பெல்ட்டில் கை நீட்டிய இரவு வரைக்கும்.

பதினோரு பருவமாய் மாம்பால் சுட்டுச் சுட்டு
புறங்கை முழுக்கப் பொட்டுப் பொட்டாய்க் கறுத்த தோல்.
திரையில் அதைச் சுற்றி ஒரு கட்டம்:
கிளிமூக்கு, இரண்டாம் தரம்,
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
தள்ளுபலகை வந்து அவள் விரல்களை
மெதுவாய்த்தான்
கூழ்த்தொட்டிப் பக்கம் ஒதுக்கியது.

"ரெண்டாம் தரமா நய்னா?" சிரித்தாள்.
"மொதல் தரம்னு போடச் சொல்லு, கூலியாவது ஏறட்டும்."

ஐந்து விரல் இருந்தது. அது எண்ணவில்லை.
தோலைப் பார்த்தது,
தோலுக்குப் பெயர் வைத்தது.

நிறுத்திய பெல்ட்டில் சாக்பீஸால்
ஒரே இழுப்பில் ஒரு வயிறு, ஒரு மூக்கு வரைந்தாள்.
வாட்ச்மேனின் மூன்று வயதுப் பையன்
எச்சில் விழுங்கி "மாமிடிகாய" என்றான்.
என் இயந்திரம் "காலி" என்றது.

பிறகு எத்தனையோ ராத்திரி,
பழத்தின் மேல் சாக்கு, செங்கல், மீன் செதில்,
என் மனைவியின் சுங்குடிப் புடவைகூட,
ஏதோ ஒரு தோலைப் போர்த்தி
உருவத்தை மட்டும் விட்டுவைத்த படங்கள்.
தின்னத் தின்னக் கொடுத்தேன்.

நேற்று அதே சாக்பீஸ் கோட்டுக்குத்
தயங்கித் தயங்கி
கிளிமூக்கு, ஐம்பத்தொன்று என்றது.
முனிலட்சுமி விசில் அடித்தாள்.
பக்கத்திலேயே கையை விரித்து வைத்து
சுற்றிலும் கோடிழுத்துவிட்டு
கையை எடுத்துக்கொண்டாள்.

கிளிமூக்கு, நான்கு. நீலம், மூன்று. அழுகல், இரண்டு.
நான் கொடுத்த பெயர்களில் கை இல்லை.

ஷிப்டு மணி அடித்தது. சுவிட்சைப் போட்டேன்.
ஐந்து விரல் வெள்ளைக் கோடு
கேமராவைக் கடந்து போய்
உருளையடியில் மடங்கி
மறுபடி வந்தது.