இருநூறு யார்

உதுமாலெவ்வை நானா கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு
மூன்று தோட்டாக்களை எடுத்துக்
கணக்குக் கொப்பியின் மேல் நிறுத்தினார்.
வவுனியாவில் அன்று மத்தியானம் கரண்ட் இல்லை.
கடைக்குள் பித்தளைதான் வெளிச்சம்.

"இது திரீ நாட் திரீ. பாரமான ரவை, பொறுமையான ரவை.
நூறு யாருக்கு நேர் பிடித்தால்
இருநூறில் ஆறு விரல் இறங்கும்,
முந்நூறில் இரண்டு சாண்.

இது இருநூற்று நாற்பத்துமூன்று. தோளை உதைக்காது.
மானுக்குச் சரி. பன்றிக்கு..."
உதட்டைப் பிதுக்கினார்.
சேறும் பிசினும் காய்ந்த தோள்தட்டை
அவரும் வெட்டிப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவதைச் சொல்லாமலே கையில் தந்தார்.
இருநூற்று எழுபது.
கழுத்து ஒடுங்கி, மூக்கு நீண்டு,
செக்கனுக்கு மூவாயிரம் அடி.
"இருநூறுக்கு நேர் பிடி, தம்பி.
நூறில் இரண்டு விரல் ஏறும்,
முந்நூறில் ஒரு சாண் இறங்காது.
தூரத்தை நீ பிழையாக மதித்தாலும்
அது உன்னை மன்னிக்கும்."

மன்னிக்கும் என்ற சொல்லுக்குத்தான்
அவ்வருட எள்ளுக் காசு முழுவதையும் கொடுத்தேன்.
கச்சேரியில் பெர்மிட்டுக்கு மூன்று தரம் அலைந்தேன்.

செங்கமலம் கேட்டாள்:
"ஆகக் கூடத் தூரத்தில நீங்கள் கண்ட பன்றி
எவ்வளவு தூரம்?"
யோசித்தேன்.
பாலைக்கும் வீரைக்கும் நடுவில்
முப்பது யாருக்கு அப்பால் கண் போகாது.
வரம்பில் நின்றால் அறுபது.
"குளம் வற்றினால்" என்றேன்.
அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
அரிசி களைந்த தண்ணீரை வாழைக்கு ஊற்றப் போனாள்.

ஆவணியில் ஆமைதாங்கிக்குளம் வற்றியது.
வெடித்த சேற்றில் கிழங்கு கிண்ட
பொழுது சாய ஒற்றைப் பன்றி இறங்கியது.
மருதின் வேரில் றைபிளைச் சாய்த்தேன்.
உயர்த்திப் பிடிக்கவில்லை, கணக்கும் பார்க்கவில்லை.
முன்னங்காலுக்கு மேல், எங்கே பார்த்தேனோ அங்கே.
சத்தம் அக்கரையில் பட்டுத் திரும்பி வரமுதலே
அது படுத்துவிட்டது.

எட்டி நடந்து அளந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு.
நானா சொன்னது ஒரு விரலும் பிசகவில்லை.
உள்ளே போன ஓட்டை மிளகளவு.
வெளியே வந்த இடத்தைப் பார்த்துவிட்டு
ரவை எங்கே என்று
அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

அதற்கு அப்பால் சேற்றில் ஒரு கீறல்.
கயிறு பிடித்துப் போட்டதுபோல.
பிறகு கீறல் இல்லை.
நாணல் இருந்தது. நாணலுக்கு அப்பால்
மரியாம்பிள்ளையின் எருமைப்பட்டி.

அவர் என்னைப் பேசவில்லை.
அரிக்கன் லாம்பைத் தூக்கி
முதிரைக் கட்டையைக் காட்டினார்.
இடுப்பளவு உயரத்தில் புதுச் சிராய்.
பக்கத்தில், நாலு விரல் தள்ளி,
கன்று கட்டுகிற கயிறு தொங்கியது.
அவருடைய சின்னவன் அந்தக் கயிற்றை
என் முன்னால் அவிழ்த்தான். அவ்வளவுதான்.
பன்றியில் ஒரு தொடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார். அதுதான் பாரமாக இருந்தது.

பெட்டியில் இருபது. இப்போது பத்தொன்பது.

பரணைக் குளக்கட்டிலிருந்து பிரித்து
வயலின் மூலைக்குக் கொண்டுவந்தேன்.
உயரக் கட்டினேன், ரவை கீழ்நோக்கிப் போகட்டும் என்று.
நாற்பது யாரில் அந்த வேகம் முழுவதும் வீண்,
இறைச்சியும் பழுதாகும்.
நானாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

நேற்று இரவு ஒன்று வந்தது.
வரம்பின் விளிம்பில், நிலவு முதுகில்,
அதற்குப் பின்னால் வெறும் வானம்.
அது என் நெல்லைத் தின்றது.
விரலைக் குதிரைக்கு வெளியே வைத்துக்கொண்டு
அதன் பின்னால் மண் வருமட்டும்
பார்த்துக்கொண்டிருந்தேன்.