பம்ப் அறை, பகாவ்

நான்கு திருகாணி. மூன்று கழன்றன.
நான்காவதற்குத் தலையே இல்லை.
கேஸ் ஹீட்டர் மூடியை அதன்மேலேயே சுழற்றித்
தொங்கவிட்டேன்.
துரு என் சட்டைப்பைக்குள் கொட்டியது.

"போன வாரம் முப்பத்துமூணு டிகிரி,
இப்ப இருபத்தெட்டு" என்றார் ஷர்மினி,
துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த மூவரைக் காட்டி.
பக்கவாதத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணி வேண்டும்.
செம்பனை லோரி ஓட்டியவராம் ஒருவர்,
இடக்காலால் என் டூல் பாக்ஸைத் தள்ளி
வழிவிட்டார்.

முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன்.
புளிப்பேறிய குளம் செம்பைத் தின்னும்,
தின்றதை ஓரத்து ஓடுகளில்
பச்சையாகக் கக்கி வைக்கும்.
சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினேன்: ஏழரை.
சனி இல்லை, சரியான அளவு.
ஓடுகளும் வெள்ளை.

குழாய்க்குள் விரல் விட்டேன்.
விளக்கி வைத்த சொம்புபோல் வழவழப்பு.
வெளியேதான் நாசம்:
செம்புச் செதில்களில் பச்சை மாவு,
பர்னர் தட்டு
அப்பளமாய் என் கையோடு வந்தது.

தண்ணீர் இல்லை, காற்று.

திரும்பினால், ஒரு கை தூரத்தில்
ஐந்து நீல ஆசிட் தோம்பு.
ஒன்றின் மூடி சரியாக உட்காரவில்லை.
எரியும்போதெல்லாம் இந்தப் பெட்டி மூச்சிழுக்கும்,
பக்கத்தில் எது இருக்கிறதோ அதை.
கித்தா ஆலையில்
பால் உறைய ஊற்றும் ஆசிட் கொட்டகைக்குத்
தகரக் கூரை தாங்காது என்பது
இந்த ஊரில் பிள்ளைக்கும் தெரியும்.

"யாரு இங்க வைக்கச் சொன்னது?"
வாரன்டி முடிந்த பழுதில்
குரல் தானாக உயரும்.

ஷர்மினி சுவரைக் காட்டினார்.
ஈரத்தில் ஊதிப்போன அட்டை, மார்க்கர் எழுத்து,
மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி:
ஆசிட் இங்கே வைக்கவும். மழை படக்கூடாது.
கீழே ஹீட்டர் மாட்டிய தேதி.
ழ-வின் வாலை
அடுத்த எழுத்துக்குக் கீழேவரை இழுக்கிறவன்
நெகிரி செம்பிலானில் எத்தனை பேரோ,
எனக்கு ஒருவனைத் தெரியும்.

லோரிக்காரர் சிரித்தார்,
வாயின் ஒரு பக்கத்தால்.

பில்லில் குழாய், தட்டு:
ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி.
கூலி என்ற இடத்தில் கோடு இழுத்தேன்,
அதுவும் கொஞ்சம் நீளமாய்ப் போயிற்று.

தோம்புகளைப் பின்கட்டுக்கு மாற்ற நான்கு நடை.
ஐந்தாவதை அவர் காலாலேயே உருட்டி வந்தார்,
வேண்டாம் என்றும் கேட்காமல்,
வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

புது மூடி வெள்ளிக்கிழமை வரும்.
நான்காவது திருகாணி
இன்னும் வரவில்லை.