காற்று எடுக்கும் சாவி

படிவத்தில் 'சடங்கு' என்ற இடத்தில்
த்ரஹோமீரா ஒரு கோடு போட்டாள்.
ஒஸ்த்ராவா தகனசாலையில் அந்தக் கோட்டுக்கு
யாரும் புருவம் உயர்த்தவில்லை.
இங்கே பலர் அப்படித்தான் போகிறார்கள்,
பாட்டில்லை, பேச்சில்லை,
சாம்பலை எப்போது வந்து வாங்கலாம் என்று
ஒரு ரசீது மட்டும்.

"நீயாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாமேடா" என்று
மறுநாள் அவன் கேட்பான்போல இருந்தது எனக்கு.
அப்படியொரு மறுநாள் கிடையாது என்று
இருபத்தாறு வருடம் உருக்காலைக் கேன்டீனில்
மேசையைத் தட்டிப் பேசியவனும் அவன்தான்.

போஹுமீர்.
பெயரின் முன்பாதி எங்கள் மொழியில் கடவுள்.
"என் பெயரில் ஒருத்தர் குடியிருக்கிறார்.
அறுபத்தெட்டு வருஷமாக வாடகை இல்லை.
காலி பண்ணச் சொல்லவும் மனசு வரவில்லை" என்பான்.

சனிக்கிழமை பூண்டு சூப்போடு
ஐந்தாம் மாடிக்குப் போனேன்.
லிஃப்ட் ஓடியது. ஆனாலும் படியில் ஏறினேன்,
சொல்லப்போவதைத் தேட அவகாசம் வேண்டுமே.
முதல் மாடியில்
'நிம்மதியாக உறங்குகிறான்' என்பதைக் கீழே போட்டேன்.
குறட்டை இல்லாமல் அவன் உறங்கியதே கிடையாது.
'மேலேயிருந்து பார்க்கிறான்' மூன்றாம் மாடியில் விழுந்தது.
அவர்களுக்கு மேலே இருப்பது
ஓல்த்ரிஷ் வீட்டுச் சலவை இயந்திரம்.
நான்காம் மாடியில் அணுக்களைப் பற்றி ஒன்று அகப்பட்டது.
அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜன்னல் விளிம்பில் மெழுகுவத்தி.
தங்கை லுத்மிலா ஏற்றிவைத்துப் போனதாம்.
"அவளுக்கு ஜெபம். எனக்கு வெளிச்சம்.
இருக்கட்டும்" என்றாள்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.

எதுவும் தொலைவதில்லை, த்ரஹோமீரா, என்று தொடங்கினேன்.
அவன் உடம்பிலிருந்த கரி, உப்பு எல்லாம்
எங்கேயோ ஒரு பிர்ச் மரத்தில்...

"நிறுத்து.
கரி எனக்கு எதற்கு?
கரி பற்பசை மூடியைத் தொலைத்ததில்லை.
என் பிறந்தநாளை இரண்டு நாள் தள்ளி
வருஷம் தவறாமல் வாழ்த்தியதில்லை.
மரத்தோடு நான் என்னவென்று சண்டை போட?"

என்னிடம் வேறெதுவும் இல்லை.
அவள் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டிருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.
ரேடியேட்டரின் அடிப்பாதி சுட்டது,
மேல்பாதி சில்லென்றிருந்தது.
"அக்டோபரில் அவன்தான் காற்றை எடுத்துவிடுவான்."
சாவி?
"சர்க்கரை டப்பாவில். ஏனென்று கேட்காதே,
எனக்கும் சொன்னதில்லை."

முட்டி போட்டேன்.
எதன் முன்னாலும் போட்டுப் பழகாத முட்டி,
இரண்டும் முனகின.
கோப்பையை அடியில் ஏந்திக் கால் திருப்பு.
ஸ்ஸ் என்று வந்தது,
அவன் கடைசியாகத் திறந்து மூடியபின்
உள்ளே சேர்ந்த காற்று.
மூச்சு என்று சொல்லிவிடுவாளோ எனப் பயந்தேன்.
சொல்லவில்லை. நானும்தான்.
பிறகு கறுப்பாகத் தண்ணீர் துப்பி
விரலைச் சுட்டது.
என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை.

சிரித்துவிட்டாள்.
"அதே இடம். அதே வார்த்தை."
சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியதென்று
பிரித்துச் சொல்ல முடியாது.
நெடுநேரம் அழுதாள்.
நான் தோளைத் தொடவில்லை,
அடுத்த அறைக்கு எழுந்து போகவுமில்லை.
கறுப்புத் தண்ணீர்க் கோப்பையோடு
தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கில் மூன்று முடிந்தன.
படுக்கையறையில் இருப்பதற்கு நான் எழுந்தபோது
"அது அடுத்த சனிக்கிழமை" என்றாள்.
"சாவி இங்கேதான் இருக்கும்.
நீதான் வரவேண்டும்."
சூப்பைச் சுடவைக்கப் போனாள்.

திரும்பும்போதும் படிதான்.
கடைசியாக விடைகொடுக்க எங்களிடம் இருக்கும்
ஒரே சொல்லிலும் கடவுள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்,
எத்தனை துவைத்தும் போகாத சாயம்போல.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று
அதைத்தான் சொன்னேன், போஹுமீர்.
வேறு சொல் கிடைக்கவில்லை.
திருத்த நீ இல்லை.