காவலர் இரண்டு

ஸ்டெல்லா ஞானமணியின் முதல் நாடகத்தில்
எனக்கு ஒரே ஒரு வரி:
"ஐயா, பூட்டு உடைஞ்சிருக்கு."
பாத்திரப் பட்டியலில் என் பெயர் காவலர் இரண்டு.
அன்றிலிருந்து இன்றுவரை
அவர் என்னை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

பகலில் அவர் சென்ட்ரல் பக்கத்து
ரயில்வே அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.
காணாமற்போன பார்சல்களைத் தேடி எழுதுகிறவர்களுக்குப்
பதில் அடிக்கிற வேலை.
"தங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது."
இதைவிடச் சிக்கனமான சோகம்
தான் எழுதியதே இல்லை என்பார்.
ஐந்தரைக்கு மேல், பேருந்தில்,
அதே விரல்கள்
டிக்கெட்டின் பின்புறம் வசனம் எழுதும்.

கடற்கரை நிலையத்தில் மழைக்கு ஒரே இசைத்தட்டு.
எந்த ஊரில் பெய்ததோ,
பதினோராவது நொடியில் ஒரு காக்கை கத்தும்.
சோழன் படை நனைந்தபோதும் அதே காக்கை.
ராயபுரத்தில் கூரை ஒழுகியபோதும் அதே காக்கை.
மற்றவர்கள் பத்து நொடியில் மழையை நிறுத்திவிடுவார்கள்.
ஸ்டெல்லா நிறுத்தவில்லை.
காக்கை கத்தியதும் வீட்டுக்காரி சொல்வாள்:
"இதுவும் இங்கேதான் குடியிருக்கு. வாடகைதான் தர்றதில்ல."
மறுவாரம் நேயர் கடிதங்கள் அறுபத்திரண்டு.
நாடகத்தைப் பற்றி இரண்டு.

கேன்டீனில் போண்டாவைப் பிட்டபடி ஒருநாள்:
"அறையில நாலு பேர்னு எழுதினா ஆச்சா, காவலர்?
ஒருத்திக்கு வளையல் சத்தம் வேணும். ஒருத்தன் இருமணும்.
இல்லேன்னா ரேடியோவுல அவன் செத்தவன்."
எனக்கு நிறைய இருமல் தந்தார்.
கடன்காரன் இருமல், காசநோய் இருமல்,
பெண் பார்க்க வந்த இடத்தில்
பெண்ணைப் பிடிக்காத மாமாவின் இருமல்.
எல்லாவற்றுக்கும் ஒரே சம்பளம்.
மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாம்.

பிறகு படம் வந்தது.
சிவானந்தா சாலை ஸ்டுடியோவில்
வாய் திறக்காத ஒரு பெண்ணை நோக்கி
கேமரா மெல்ல நகர்வதை முதன்முதலாகப் பார்த்தவர்
வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.
"அவ ஒண்ணுமே சொல்லல, காவலர்.
எல்லாரும் அவளையே பாக்குறாங்க."
அதுவரை தேவையில்லாமல் பேசவைத்தவர்களை
எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.
எனக்கு அப்போது பசி. கேட்கவில்லை.

மெகா தொடர் காலத்தில் வளசரவாக்கத்தில் மாடி அறை,
ஒழுகும் ஏசி, அதன் கீழே நீல வாளி.
ஏழு மணிப் படப்பிடிப்புக்கு ஆறரைக்குப் போன் வரும்.
மாமியாருக்குத் தேதி இல்லையா,
மாமியார் காசிக்குப் போனார்.
தம்பிக்கு சினிமா வாய்ப்பா,
தம்பிமேல் லாரி ஏறியது.
படப்பிடிப்பு வீட்டை விற்றுவிட்டார்களா,
மறுநாளே குடும்பம் திவால்.
எழுநூற்று நாற்பதாம் பகுதியில் எனக்கும் வேடம்:
சுவரில், சட்டத்துக்குள், சந்தன மாலையோடு.
"இருமிடாதீங்க" என்றார்.

ஒரு திங்கட்கிழமை
எழுத்து என்ற இடத்தில் வேறொரு பெயர் வந்தது.
முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.
போன் செய்தேன்.
"எழுத்து இப்ப பெருசா தெரியுது, கவனிச்சீங்களா?
என் பேருக்குக் கண்ணாடி போட்டாதான் தெரியும்."
சிரித்தேன்.
அவர் சிரித்தாரா என்று தெரியாது.
போனும் வானொலி மாதிரிதான்.

போன நவம்பரில் பெரம்பூர் வீட்டுக்குப் போயிருந்தேன்.
பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்க ஆள் வேண்டுமாம்.
வங்கக்கடலில் ஏதோ ஒரு புயல்.
ஆறு மணிக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது.
மெழுகுவர்த்தி எங்கே என்று அவருக்கு நினைவில்லை,
எனக்கு எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை.
மழை.
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
காக்கை வரவில்லை.
பேச எதுவும் இல்லாமல் வெகுநேரம் போனது.

எதிர் நாற்காலியிலிருந்து
ஓர் இருமல்.
சளி இல்லை அதில்.
அளந்து, இடம் பார்த்து வைத்தது.

நான் இரண்டு நொடி விட்டு
இருமினேன்.