ஜூன் ஒன்று

நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை
திரையில் ஒரே ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊதா நிறத்தின் ஓரத்தில்,
பெரியார் நிலையத்து எட்டு மணி பஸ்ஸில்
படியில் ஒற்றைக்கால் வைக்க மட்டும் இடம் கிடைத்தவன் போல
இரும்புக்கும் நிக்கலுக்கும் கரிக்கும் இடையே
நசுங்கிக்கொண்டு தோரியம்.

பால்வீதியின் விளிம்பில் ஒரு கிழட்டு விண்மீன்.
ஆயிரத்து நானூறு கோடி வருசத்தில்
அதன் தோரியம் பாதியாகும்.
கூடப் பிறந்த யூரோப்பியம் அப்படியே இருக்கும்.
வகுத்தால் வயசு.

மெஸ் ஒச்சம்மாளிடம் இதைச் சொன்னது
பெரியாஸ்பத்திரி வரிசையில்,
முதியோர் பணத்துக்கு வயசுச் சான்று வாங்க நிற்கையில்.
"பாதி போச்சுங்கிறியே, போன பாதி எங்க?"
ஈயமாகிவிடும் என்றேன்.
தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.
"அதான் இந்தக் கை இப்பிடிக் கனக்குது."

டாக்டர் பல்லைப் பார்த்தார்.
தாடையின் எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
எந்த வருசம் பிறந்தீங்க?
"வைகை டேம் திறந்தப்ப இடுப்புல இருந்தேனாம்."
யார் இடுப்பில், எத்தனை மாசமாய், கேட்க ஆளில்லை.
"அதே வாரம் பொறந்தவ செவனம்மா.
அவளுக்குப் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இருக்கு. ஜூன் ஒண்ணு."
டாக்டர் சிரித்துவிட்டார்.
அவள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் ஒன்று,
வாத்தியாரின் பேனாவில் பிறந்தவர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் கணக்கின் முதல் வரியும் அதுதான்.
ஆரம்பத்தில் தோரியம் எவ்வளவு?
எந்த வெடிப்பில், எந்த மோதலில் வெந்தது,
பார்த்தவர் யாருமில்லை.
மாதிரிக் கணக்கு ஓர் எண் தந்தது, போட்டுக்கொண்டேன்.
அது கால்வாசி பிசகினால்
நானூற்றெழுபது கோடி வருசம் பிசகும்.
அந்த இடைவெளிக்குள்
பூமி திரண்டு, ஆறி, யானைமலை வந்து படுத்து,
நாங்களும் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

அறுபது, ரெண்டு முன்னே பின்னே, என்று எழுதினார் டாக்டர்.
ஆயிரத்து முந்நூறு கோடி, நானூறு முன்னே பின்னே, என்று
நான் எழுதியிருக்கிறேன், ஆய்வேட்டில், அழகாக.

தாலுகா ஆபீஸில் கட்டம் சின்னது.
"முன்னே பின்னேயெல்லாம் இதுல ஏறாதும்மா.
ஒரு நம்பர் சொல்லுங்க."
ஒச்சம்மாள் என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
"அறுபது" என்றேன்.

கையெழுத்தா, ரேகையா?
ஊதா மையில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள்.
அடுப்புச் சூடும் அண்டா விளிம்பும் தின்றது போக
ஓரத்தில் நாலைந்து கோடு விழுந்திருந்தது.
"தெரியலையே, இன்னொரு தடவை வைங்க" என்றார் கிளார்க்.
அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தாள்.