முதுகுக் கோடு

கொட்டகைக்கு வெளியே ஈரப் புல்லில்
எட்டு மாடுகள் நிற்கின்றன.
ஏழுக்கு நேரே உரிமையாளர் பெயர்,
எட்டாவதற்கு நேரே
'சிறைத்துறை' என்று அச்சடித்திருக்கிறது.

நான் நடுவர்.
கையில் அட்டை, காதில் பென்சில்,
ரப்பர் காலணிக்குள் நேற்றைய மழை.
பின்லாந்தின் கிழக்கோரத்தில்
ஆகஸ்ட் பிற்பாதியில்
இதைத்தான் வெயில் என்போம்.

செம்பழுப்பு விலா.
பால்செம்பைச் சாய்த்தபடி யாரோ
முதுகெலும்பின் மேல் நடந்துபோன மாதிரி
பிடரியிலிருந்து வால்வரை வெள்ளை.
கொம்பு இல்லை, முளைத்ததும் இல்லை.
இதுதான் இந்த இனம் என்று
அட்டையில் எழுதியிருக்கிறது.
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பால்பண்ணைகள் பெரிய மடி கேட்ட காலத்தில்
லாரி லாரியாய் இவை இறைச்சிக்குப் போயின.
எங்கள் பக்கத்தில் விற்காமல் வைத்திருந்தது
சிறைச்சாலை மட்டும்.
பாசத்தினால் அல்ல:
விற்க மூன்று கையெழுத்து வேண்டும்,
மூன்றாவது அதிகாரி எப்போதும் விடுப்பில்.

ஹெலுனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்
வெய்யோ பீராய்னென்.
இரவல் கோட்டு, கைநீளம் போதவில்லை.
மணிக்கட்டில் பச்சை குத்திய எழுத்து
கயிற்றைச் சுற்றும்போதெல்லாம் மறைகிறது.
என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று
நான் கேட்கவில்லை.
கூட்டத்துக்குக் கேட்காமலே தெரிந்திருக்கிறது;
வேலியோரம் அவனுக்கு நேரே மட்டும்
ஆள் இல்லை.
கூட வந்த காவலர்
சாசேஜ் வரிசையில் நிற்கிறார்.

நடக்க விடு என்றேன்.
நடந்தாள்.
பின்கால் நேர். குளம்பு சுத்தம்.
மடிக்கு ஒன்பது, நெஞ்சகலத்துக்கு எட்டு.
இடுப்பருகே வந்ததும் பென்சில் நின்றது:
வெள்ளைக் கோட்டின் குறுக்கே
உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

கோடு அறுந்தால் ஐந்து கழி என்கிறது அட்டை.

"அது அழுக்கில்லை" என்றான் வெய்யோ.
"நாலு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டேன்."

இருபத்தாறு கண்காட்சிகள்.
அறுபடாத கோட்டுக்கே ரிப்பன் கட்டினோம்.
ரிப்பன் கட்டிய காளையின் வித்தையே
எல்லாரும் கேட்டு வாங்கினார்கள்.
இன்று வேலியோரம் நிற்கும் ஏழும்
ஒரே அப்பனின் பேத்திகள்.
அதே நெற்றி, அதே நடை,
சென்ற வசந்தத்தில்
அதே மாதிரி எழுந்து நிற்காத கன்றுகள்.
காப்பாற்றுகிறோம் என்றுதான் கைதட்டினோம்.

சிறைக்காரர்கள் இதுவரை வந்ததே இல்லை.
எங்கள் காளைகளும் மதில் தாண்டிப் போகவில்லை.
ஹெலுனாவின் தாய்வழி முழுக்க
உள்ளேயே பிறந்து உள்ளேயே ஈன்றது.
அழகு பார்க்க ஆளில்லாத இடத்தில்
புள்ளி போட்டவை, கோடு கோணியவை, எல்லாமே
கன்று போட்டிருக்கின்றன.

ஆனாலும் ஏழு பேர் வேலியில் கையூன்றி
என் பென்சிலையே பார்க்கிறார்கள்.
ஐந்தைக் கழித்தேன்.
மூன்றாமிடம்.

பிறகு அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் கட்டங்கள் இல்லை.
'இவள் ஈனும் கன்று ஒவ்வொன்றும் வேண்டும்.
முதுகைப் பார்க்காதீர்கள்' என்று எழுதும்போதே
தூறல் விழுந்தது.
பென்சில் எழுத்து, கரையவில்லை.

மூன்றாமிடம், சிறைத்துறை, என்றது ஒலிபெருக்கி.
யாரோ கைதட்டத் தொடங்கி
தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்தினார்.
ரிப்பனின் ஒரு முனையை
ஹெலுனா அதற்குள் மென்றுவிட்டாள்.

"ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும்"
என்றார் காவலர், மீசையில் கடுகு விழுதோடு.
"ஆமாம், மடி கட்டிவிடும்"
என்றான் வெய்யோ.

லாரிப் பலகையில் அவள் ஏற மறுத்தாள்.
அவன் முதலில் ஏறினான்.
அப்புறம் ஏறினாள்.
காவலர் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

திருப்பம் வரைக்கும்
பலகை இடுக்கில் தெரிந்தது
வெள்ளை, கொஞ்சம் சிவப்பு,
மறுபடி வெள்ளை.